பிரேக் மாஸ்டரின் ஆறு கல்லூரிகள்

பல் வைத்தியரின் நாற்காலியில் மல்லாந்திருந்தாலும் சரி, சினிமாக் கொட்டகையில் இருட்டில் உட்கார்ந்திருந்தாலும் சரி, அந்த மனிதரின் வலது கால் சும்மா இருக்காது. எதிரே ஏதாவது வேகமாக வந்தால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதிக்கும். இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். பயிற்சி வண்டியில் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் ஆசிரியர் காலடியில் இன்னொரு பிரேக் என்று இரண்டு இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்தான் அவருக்குச் சோறு போட்டது. அவருடைய சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பிரேக் மாஸ்டர் என்று கேட்டால் பால்காரர்கூட வீட்டைக் காட்டுவார்.

சினிமாவில் துரத்தல் காட்சி வந்தால் முன்வரிசைக்காரருக்கு முதுகில் உதை விழும். அதனால் அவர் மனைவி டிக்கெட் எடுக்கும்போதே முன்னால் ஆளில்லாத வரிசையாகப் பார்த்துக் கேட்டு வாங்குவார். வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு தரைக்கல் மட்டும் விரிசல் விட்டிருக்கும். பேச்சு சண்டைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மாஸ்டர் அந்தக் கல்லைத்தான் மிதிப்பார். சண்டை ஒருநாளும் அதனால் நின்றதில்லை, கல்தான் உடைந்தது.

தொழிலில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அவரிடம் படித்தவர் யாரும் உரிமத் தேர்வில் தோற்றதில்லை. இதைக் கேட்டு ஆகா என்று வாயைப் பிளப்பவர்கள் அடுத்த பாதியையும் கேட்க வேண்டும். தோற்றுவிடுவார் என்று சந்தேகம் இருக்கும்வரை அவர் யாரையும் தேர்வுக்கு அனுப்புவதே இல்லை. கல்யாணத்துக்கு முன் ஓட்டப் பழகிவிட வேண்டும் என்று வந்து சேர்ந்த ஒரு வங்கிக்காரப் பெண், தேர்வுக்குப் போகும்போது குழந்தையை யாரிடம் விட்டுப்போவது என்று தவித்தார். தேர்வு நடக்கும் பாதையை மாஸ்டர் முந்தின நாளே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். எங்கே பள்ளம், எங்கே நாய் படுத்திருக்கும் என்று குறித்துக்கொண்டு வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

இந்தப் பயம் பிறவியிலேயே வந்ததல்ல. பள்ளி முடித்த வருடம் அவர் ஒரே ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கட்டடக் கலை படிக்க வேண்டும் என்ற வெறி. வேறு எங்கும் போடவில்லை, அவ்வளவு நம்பிக்கை. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் முழுக்க அவர் கட்டிலில் படுத்து மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம், தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு தெரிந்தவர் ஒருவரின் பயிற்சி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அந்தத் தற்காலிகம்தான் இன்னும் நடக்கிறது.

இப்படிப்பட்டவருக்கு மகளாகப் பிறந்தவள் பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தாள். பாப்பா என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள், பதினெட்டு வயதுக்கு அது கொஞ்சம் சின்னச் சட்டைதான். பாப்பாவின் மார்க் ஷீட்டை முதன்முறை பார்க்கிறவர்கள் இரண்டு பிள்ளைகளின் தாளை ஒன்றாகத் தைத்துவிட்டார்களோ என்று நினைப்பார்கள். புவியியலில் பள்ளியிலேயே முதல். மொழிப்பாடம் சொக்கத் தங்கம். கணக்கோ, பாஸ் என்ற விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. இதுதவிர பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஒரு பெரும் பள்ளம். அந்த வருடம் அவள் டேபிள் டென்னிஸ் மட்டையோடு குடும்பம் நடத்தினாள். பிறகு மட்டையும் அலுத்துப்போய், மார்க் மெல்ல மேலே ஏறியது.

பள்ளியில் ஆலோசகர் டீச்சர் ஒருவர் இருந்தார். அவருடைய அறையில் நாற்காலிகள் ஆரம்பப் பள்ளிக்கு வாங்கியவை. மாஸ்டர் அதில் உட்கார்ந்தபோது முழங்கால் முகவாயைத் தொட்டது. பக்கத்தில் மனைவி. நடுவில் மகள்.

"பொண்ணுக்கு ரெண்டு முகம் இருக்கு சார்" என்றார் டீச்சர், ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "ஒண்ணைப் பாத்தா எங்க வேணும்னாலும் சேத்துக்குவாங்க. இன்னொண்ணைப் பாத்தா கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. சில காலேஜ்ல மொத்த மார்க்கைப் பாப்பாங்க. சில இடத்துல எடுக்கப்போற பாடத்தை மட்டும் பாப்பாங்க. சில பேர் கடைசி வருஷம் ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு பாப்பாங்க. யார் எந்த முகத்தைப் பாக்குறாங்கன்னு தெரிஞ்சுதான் போடணும்."

ஒரு விண்ணப்பத்தில் ஆறு கல்லூரிகள் குறிப்பிடலாம். டீச்சர் ஆறையும் மரத்திலிருக்கும் பழமாக விளக்கினார். உச்சியில் ஒன்றோ இரண்டோ, எம்பினால் எட்டுவது இரண்டு மூன்று, கீழே விழுந்து கிடப்பது ஒன்றிரண்டு.

"உச்சில இருக்கிறது கிடைக்கலைன்னா?" என்றார் மாஸ்டர்.

"கிடைக்காமப் போகலாம். அதுக்குத்தானே மத்தது."

அந்தச் சின்ன நாற்காலி கிறீச்சிட்டது. மாஸ்டரின் கால் தரையை மிதித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு காகிதம் எடுத்துக்கொண்டார்கள். மாஸ்டர் எழுதிய ஆறும் கீழே விழுந்து கிடந்தவை. அவற்றுள் தலைமையானது அவர்கள் வீட்டுக்குப் பின்தெருவில், ஒரு மரச்சாமான் கடைக்கு மாடியில் இருந்தது. மூச்சு விடுகிற யாரையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று அதற்கு ஒரு பெயர். மனைவி எழுதிய ஆறும் மரத்தின் உச்சாணிக் கொம்பு. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். பார்வை குறைந்தவர்கள் முன்னால் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா இருக்கா அது தெளிவா இருக்கா என்று நாளெல்லாம் கேட்டுக் கேட்டு, எல்லாவற்றையும் பெரிதாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அவரைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே யாரும் விட்டதில்லை என்பது வேறு விஷயம். அதை அவர் சொல்லமாட்டார், ஆனால் அந்தக் காகிதத்தில் பேனா அழுந்தியிருந்த விதத்தில் தெரியும்.

"அரசனை நம்பி புருஷனைக் கைவிட்ட கதையாயிடும்" என்றார் மாஸ்டர்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். கேக்கவே கேக்காம எப்படிங்க குடுப்பாங்க?" என்றார் மனைவி.

"அம்மா, அப்பா, நான் டீச்சர்கூட உக்காந்து ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன்" என்றாள் மகள்.

"இரு பாப்பா, பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் ஒத்துப்போன சில தருணங்களில் இதுவும் ஒன்று.

சண்டையின் மையம் ஒரே கல்லூரிதான். ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருந்த மேட்டுக் கல்லூரி. வரைபடம் தயாரிக்கும் கலையைத் தனிப் படிப்பாக அங்கேதான் வைத்திருந்தார்கள். பாப்பாவுக்கு அதன்மேல் உயிர். புவியியல் மார்க்கையும் கட்டுரையையும் பார்ப்பார்கள், ஆனால் கணக்கையும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். வாய்ப்பு குறைவு, இல்லாமலில்லை என்று டீச்சர் சொல்லியிருந்தார். மாஸ்டரின் காதில் 'குறைவு' மட்டும் விழுந்தது. திங்கட்கிழமை மாலைக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும், அதில் மேட்டுக் கல்லூரி இருக்குமா இருக்காதா என்பதுதான் அந்த வீட்டில் அப்போதிருந்த ஒரே கேள்வி. பெற்றவர் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் நகராது.

மாஸ்டர் தொழில்முறைப்படி ஒரு முடிவுக்கு வந்தார். பாதையைப் பார்க்காமல் எப்படித் தேர்வுக்கு அனுப்புவது? சனிக்கிழமை எல்லாக் கல்லூரிக்கும் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம்.

பயிற்சி வண்டி அப்போது பட்டறையில் கிடந்தது. ஓட்டுகிறவர் பக்கத்து பிரேக் புதுசாக இருக்க, மாஸ்டர் பக்கத்து பிரேக் தேய்ந்து அறுந்துபோன வண்டி அது. மெக்கானிக் தம் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதைக் காட்டினாராம். ஆகவே மனைவியின் தம்பியிடம் கேட்டார்கள். மச்சான் அப்போதுதான் புது வண்டி வாங்கியிருந்தார். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. காலடியில் புசுபுசுவென்று தடித்த விரிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்வாரோ என்று அக்காவே பயந்தார்.

"வண்டி தர்றேன். ஆனா பாப்பா ஓட்டட்டும். அத்தான் ஓட்டினா என்ஜின் தூங்கிடும்" என்றார் மச்சான்.

பாப்பாவுக்கு உரிமம் கிடைத்துச் சில வாரம் ஆகியிருந்தது. அவளுடைய வகுப்பில் ஓட்டத் தெரிந்தவர்களில் கடைசியாக உரிமம் வாங்கியவள் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியரின் மகள்தான்.

சனிக்கிழமை காலை மனைவி கடைக்குப் போனதும் இருவரும் கிளம்பினார்கள். மாஸ்டர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, மடியில் பெரிய அட்டையை வைத்து, அதில் தாளைச் செருகினார். மாணவர்களுக்கு மார்க் போடும் அதே தாள்தான். கண்ணாடி பார்த்தல், சைகை காட்டல், திருப்பம், மேட்டில் நிறுத்தி எடுத்தல், வண்டியை ஒதுக்கி நிறுத்தல், பொது ஒழுங்கு. மேலே மாணவர் பெயர் என்ற இடத்தில் கல்லூரியை எழுதினார்.

"அப்பா, காலேஜ் எப்படிக் கண்ணாடி பாக்கும்?"

"நீ ரோட்டைப் பாரு."

முதலில் பின்தெருக் கல்லூரி. நடந்தே போயிருக்கலாம். தெருமுனையில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார், மாஸ்டர் கால் மிதித்தது, வண்டி பதமாக நின்றது. கீழே மரச்சாமான் கடைக்காரர் கட்டிலுக்குத் தள்ளுபடி சொன்னார். மாடியில் காவலாளி, யாருக்குச் சேர்க்கை என்றுகூடக் கேட்காமல் மாஸ்டர் கையிலும் ஒரு விண்ணப்பத்தைத் திணித்தார். ஒதுக்கி நிறுத்தலில் அந்தக் கல்லூரிக்கு முழு மார்க் விழுந்தது.

அடுத்தது மணிக்கூண்டுக் கல்லூரி. மனைவியின் பட்டியலில் அதுதான் முதலிடம். அதன் வாசலுக்கு முன் ஐந்து தெருக்கள் வந்து சேரும் ரவுண்டானா. மாஸ்டரின் கால் அங்கே தையல் மிஷின் மிதிப்பதைப் போல மிதித்தது. ஒவ்வொரு மிதிக்கும் வண்டி தயங்கி, வழிவிட்டு, மறுபடி நகர்ந்தது. உள்ளே போய் மகள் விசாரித்தாள். மொத்த மார்க்தான், நாங்கள் வைத்த அளவுக்கு ஒரு மார்க் கீழே இருந்தாலும் கவரையே பிரிக்கமாட்டோம் என்று ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அம்மாள் மலர்ந்த முகத்தோடு சொன்னார். பாப்பா அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். மாஸ்டர் 'திருப்பம்: ஆபத்து' என்று எழுதினார். கல்லூரியை ஒதுக்குவதில் இருவரும் ஒத்துப்போனார்கள், காரணம்தான் வேறு வேறு.

ஆற்றங்கரைக் கல்லூரிக்குப் போகும் சாலை நேராக, மரநிழலாக இருந்தது. அலுவலகத்தில் ஒரு பெரியவர் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்து, "புவியியலா? கடைசி வருஷ மார்க்கைத்தான் பாப்போம்மா. பத்தாங் கிளாசுல யார்தான் ஒழுங்கா இருந்தா?" என்றார். பாப்பா சிரித்தாள். வேகத்தடைகள் ஒழுங்கான இடைவெளியில் இருப்பதைப் பாராட்டி மாஸ்டரும் நல்ல மார்க் போட்டார். இன்னும் இரண்டு கல்லூரிகள் பார்த்தார்கள். ஒன்றின் வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தது. இன்னொன்றில் மாடு படுத்திருந்தது, அது எழுந்து போகும்வரை மாஸ்டர் காலை எடுக்கவில்லை.

நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. அவர் மிதித்தார், வண்டி நின்றது. இருபது வருடமாக அவருடைய உலகம் இப்படித்தான் நடந்துவந்திருக்கிறது. மடியிலிருந்த அட்டைக்கு அடியில் கால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் இருக்கும்வரை இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்ற நிம்மதி மட்டும் நெஞ்சில் இருந்தது.

கடைசியாகக் குன்று. ஏறும்போதே அவர் முகம் சுருங்கியது. மூன்றாவது வளைவில் ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் எம்பி, இரு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, பிராணனையெல்லாம் வலது காலில் இறக்கி மிதித்தார். வண்டி நின்றது. லாரி ஒதுங்கியது. செங்குத்தான மேட்டில் நின்ற வண்டியை பாப்பா ஓரங்குலம்கூடப் பின்னால் உருளவிடாமல் எடுத்துக்கொண்டு மேலே போனாள். மாஸ்டருக்கு வியர்த்து விட்டது. 'மேட்டில் நிறுத்தி எடுத்தல்' என்ற இடத்தில் கல்லூரிக்குப் பெரிய பெருக்கல் குறி போட்டார்.

மேலே காற்று வீசியது. அங்கே மட்டும் சனிக்கிழமை விடுமுறை என்பதால் கட்டடம் பூட்டிக் கிடந்தது. பாப்பா ஒரு ஜன்னலில் மூக்கை ஒட்டவைத்து உள்ளே பார்த்தாள். பெரிய பெரிய சாய்வு மேசைகள், சுவர் முழுக்க வரைபடங்கள். பிறகு சுற்றுச்சுவர் அருகே வந்து கீழே ஊரைக் காட்டினாள்.

"அங்க பாருங்கப்பா, நம்ம தெரு. நேரா இருக்குன்னுதானே நெனச்சிட்டிருந்தோம். எப்படி வளைஞ்சு கிடக்கு பாருங்க."

இருபது வருடம் அந்தத் தெருவில் வண்டி ஓட்டியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வளைந்துதான் கிடந்தது. மகளின் மூக்கு நுனியில் ஜன்னல் தூசி ஒட்டியிருந்தது. அவருக்குத் தெரிந்த முகம் அது. பதினேழு வயதில் ஒரு கல்லூரி வாசலில் நின்றபோது அவருக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இவளும் ஒரு வருடம் படுத்துக்கிடப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காரில் ஏறியதும் தன் காகிதத்தை எடுத்து, மேட்டுக் கல்லூரி அதில் இல்லை என்பதை மறுபடி ஒருமுறை உறுதி செய்துகொண்டார்.

மாலையில் மனைவி கடையிலிருந்து வந்ததும் மேசையில் கூடினார்கள். மச்சான் கீழே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கீறல் தேடிக்கொண்டிருந்தார். மாஸ்டர் தண்ணீர் லாரிக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல லாரி பெரிதாகிக்கொண்டே போனது.

"நான் மட்டும் அந்த நேரம் பிரேக் போடலைன்னா இன்னைக்கு நம்ம கதி என்ன? நீயே சொல்லு. ஒருநாள் கூடவே இருந்து காப்பாத்தலாம். தினமும் அந்த மேட்டுல யார் இருப்பா? மேட்டுக் காலேஜ் வேணாம். அவ்வளவுதான்."

மனைவி மகளைப் பார்த்தார். மகள் மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மச்சான் காலடி விரிப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். பக்கத்து இருக்கைக்கு முன்னால் கிடந்த விரிப்பு அது. புசுபுசுவெல்லாம் போய் நடுவில் ஒரு காலின் அளவுக்கு நசுங்கி, குதிகால் பட்ட இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது.

"அத்தான், இது என்ன அத்தான்?"

"பிரேக் போட்டா லேசா நசுங்கத்தான் செய்யும். பெரிய விஷயமா?"

"எந்த பிரேக்?"

"என் பக்கத்து பிரேக்தான்."

மச்சான் விரிப்பைக் கீழே வைத்தார். "அத்தான், அது என் சொந்த வண்டி. உங்க பள்ளிக்கூட வண்டி இல்ல. அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது."

மாஸ்டர் மெல்ல மகள் பக்கம் திரும்பினார்.

"அப்ப லாரி வந்தப்போ?"

"நான்தான்பா நிறுத்தினேன்."

"ரவுண்டானாவுல?"

"நான்தான்."

"மாடு?"

"மாடும்தான்பா. சொல்லலாம்னுதான் பாத்தேன். ஆனா நீங்க ரொம்ப சந்தோஷமா மிதிச்சிட்டிருந்தீங்க."

முதலில் சிரித்தது மனைவி. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, மேசையில் சாய்ந்துவிட்டார். மச்சான் விரிப்பின் துக்கத்தையும் மறந்து சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. எழுந்து படியிறங்கிப் போனார்.

வண்டியின் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். காலை நீட்டிப் பார்த்தார். விரிப்பும் போய்விட்டதால் வெறும் தகரம் தட்டுப்பட்டது. அங்கே ஒன்றுமே இல்லை. நாள் முழுக்க, ஊர் முழுக்க, அத்தனை திருப்பத்திலும் அவர் ஒன்றுமில்லாததைத்தான் மிதித்திருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் அதிகமாக, எங்கிருந்தோ ஒரு பெருமை வந்தது. இருபது வருடத்தில் இவ்வளவு பதமாகப் பிரேக் போடும் ஆளை அவர் பார்த்ததில்லை. அது தம் கால் என்று எண்ணித்தான் நாளெல்லாம் மெச்சிக்கொண்டிருந்தார்.

திரும்பி மேலே வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். "நீ ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன்னியே, அதை எடு."

பாப்பா எடுத்து வந்தாள். உச்சியில் ஒன்றே ஒன்று, மேட்டுக் கல்லூரி. நடுவில் ஆற்றங்கரையும் இன்னும் இரண்டும். கீழே இரண்டு, அதில் பின்தெருவும் இருந்தது. மணிக்கூண்டு இல்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அவர்கள் பார்ப்பது எந்த மார்க் என்று ஒரு வரி.

"பின்தெருவை எடுத்துட்டு இன்னொரு நல்ல காலேஜ் போடக்கூடாதா?" என்றார் மாஸ்டர், ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்து.

"வேணாம்பா. அது இல்லாம நானே அனுப்பமாட்டேன். எல்லாம் கைவிட்டா நடந்து போறதுக்கு ஒண்ணு வேணும்."

மனைவி தம் காகிதத்தையும் கணவரின் காகிதத்தையும் மகளின் காகிதத்துக்கு இருபுறமும் வைத்து, கடையில் கேட்பதைப் போலவே கேட்டார். "எதுங்க தெளிவா இருக்கு?"

மாஸ்டர் நடுவிலிருந்ததை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பம் போன அன்றே பின்தெருக் கல்லூரி வாழ்த்துச் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. ஒரு வரிகூடப் படித்திருக்க நேரமில்லை. நடுவிலிருந்ததில் ஒன்று வேண்டாம் என்றது, ஆற்றங்கரை வா என்றது. மேட்டுக் கல்லூரி கடைசிவரை காக்கவைத்துவிட்டு, இந்த ஆண்டு இடமளிக்க இயலவில்லை என்று இரண்டு வரி அனுப்பியது.

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழும் சத்தம் வெளியே கேட்டது. மாஸ்டர் கதவுக்கு வெளியே நின்றார். வாழ்க்கையில் அவர் மிகவும் பயந்த நேரம் இதுதான், வந்தேவிட்டது. கால் தரையில் எதையோ தேடியது. அவர் அதை அடக்கிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு அதுவரை தெரியாது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. மூக்கு சிவந்திருந்தது.

"சாப்பிட ஏதாச்சும் இருக்காப்பா?"

சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியில் ஆற்றங்கரைக் கல்லூரியின் பாடத்திட்டத்தைப் படித்தாள். இரண்டாம் வருடத்தில் வரைபடப் பாடம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து அம்மாவிடம் காட்டினாள். மாஸ்டர் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டில் நிற்பது தப்பில்லை, பின்னால் உருளுவதுதான் தப்பு என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். இவள் நின்றாள், எடுத்துக்கொண்டு போகிறாள். அவர் ஒரு வருடம் உருண்டார். யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள் என்றார்.

கல்லூரி திறந்த அன்று பட்டறையிலிருந்து திரும்பியிருந்த பயிற்சி வண்டியில்தான் போனார்கள். மச்சான் தம் வண்டியைத் தரவில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து இருக்கைக்கு முன்னால் புத்தம்புது பிரேக் பளபளவென்று நின்றது. பாப்பா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, பெல்ட்டை மாட்டி, கண்ணாடியைச் சரி செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் இருக்கைக்கு மேலே தூக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு மேலேயே பெல்ட்டும் போட்டிருந்தார்.

முக்கால்வாசி வழி வந்ததும் சிக்னலில் நின்றபோது அவள் கேட்டாள்.

"கால் மரத்துப்போகலையாப்பா?"

"எப்பவோ மரத்துப்போச்சு" என்றார் மாஸ்டர். "நீ ஓட்டு."